பிரபல செஃப்களின் இலையுதிர்காலக் குறிப்புகள் வீட்டில் ஏன் சொதப்புகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். இலையுதிர்காலம் தொடங்கியதும் ஒரு பிரபல செஃப்பின் புத்தகத்தை வாங்கி, வார இறுதிக்கு ஒன்று என நான்கு பதார்த்தங்களைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். பூசணி சூப் தண்ணியாக, சப்பென்று வந்தது. பதினைந்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும் என்று போட்டிருந்த வெங்காயம் அரை மணி நேரம் தாண்டியும் வெளுத்தே கிடந்தது. காளான் வதங்காமல் தன் தண்ணீரிலேயே வெந்தது. ஆப்பிள் டார்ட்டின் (மாவுத் தட்டில் பழம் பரப்பிச் சுடும் பதார்த்தம்) அடி நமுத்துப்போனது. அளவையும் நேரத்தையும் மாற்றவே இல்லை என்கிறீர்கள். ‘எனக்குக் கைப்பக்குவம் இல்லையா, இல்லை இவர்கள் எதையோ மறைக்கிறார்களா’ என்று முடித்திருக்கிறீர்கள். நான் படித்தவரை நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: அச்சில் வந்த குறிப்பை எந்த வரி வரைக்கும் நம்பலாம், எந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சட்டியைப் பார்க்க வேண்டும்?

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒன்பது வருடம் உணவக அடுப்படியில் நின்றேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக, பிறர் எழுதிய சமையல் குறிப்புகளைச் சாதாரண வீட்டு அடுப்பில் செய்து பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பிரெட், கேக், டார்ட் மாவு எல்லாம் என் துறை அல்ல, அந்தப் பகுதியில் நான் சொல்வதை ஒரு நல்ல பேக்கரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மூன்றைப் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

சரி, நேரடியான பதில். யாரும் எதையும் மறைக்கவில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. நான்கு சொதப்பலுக்கும் முக்கியக் காரணம் ஒன்றே ஒன்று, தண்ணீர். இலையுதிர்காலத்தில் கூடை நிறைய வரும் பொருட்கள் எல்லாம் நீர் சுமந்து வருபவை. வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு நீர், காளானில் 90க்கு மேல், ஆப்பிளிலும் பட்டர்நட் பூசணியிலும் 85ஐ ஒட்டி. அந்த நீர் இருக்கும் வரை பொருளின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வேகம் எடுப்பதோ 140 டிகிரியை ஒட்டித்தான். அப்படியானால் சமையல் என்பது பாதி நேரம் நீரை வெளியேற்றும் வேலை. குறிப்பு எழுதுபவரோ அதைப் ‘பத்து நிமிடம்’, ‘இருபது நிமிடம்’ என்று கடிகாரத்தில் எழுதுகிறார். நம் மொழியில் இதற்கென்றே ‘பதம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. குறிப்பில் நேரம் இருக்கும், பதம் இருக்காது. பதம் எழுதியிருந்தால் அதை நம்புங்கள், நேரத்தைச் சும்மா ஒரு ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்புகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெரிய பெயர்களின் சமையல் புத்தகங்கள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் வெளிவருகின்றன, ஆண்டு இறுதிப் பரிசு வியாபாரத்தைக் குறிவைத்து. அதற்கான சமையலும் படப்பிடிப்பும் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆக, ‘இலையுதிர்காலப் பூசணி’ என்று நீங்கள் படத்தில் பார்ப்பது வசந்த காலத்திலோ கோடையிலோ படமெடுத்ததாக இருக்கலாம், கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த காயாகக்கூட இருக்கலாம். அப்புறம், பல பிரபலங்களுக்குப் பின்னால் ஒரு குழுவே இருக்கிறது. இது குற்றம் அல்ல. லண்டன் செஃப் யோதாம் ஓட்டோலெங்கி தன் சோதனைச் சமையலறையைப் பற்றி வெளிப்படையாகவே பேசுபவர், நல்ல குழு இருந்தால் குறிப்பு மேம்படத்தான் செய்யும். புத்தகத்தின் கடைசியில் நன்றிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே குறிப்புகளைச் சோதித்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி இருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக அடுப்பைப் பற்றவைப்பேன். புகைப்படக்காரருக்கும் ஒப்பனைக்காரருக்கும் மட்டும் நன்றி இருந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சமைப்பேன்.

பிரபலங்களிலும் இரண்டு சாதி உண்டு. வீட்டு அடுப்பிலிருந்து எழுதியவர்கள் ஒரு பக்கம். பிரிட்டனின் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லாசன் தன்னை செஃப் என்று சொல்லிக்கொள்வதே இல்லை, வீட்டில் சமைப்பவள் என்றுதான் சொல்வார். இத்தாலியச் சமையல் பற்றி எழுதிய, மறைந்த மார்செல்லா ஹசானின் தக்காளி சாஸில் தக்காளி, ஐந்து மேசைக்கரண்டி வெண்ணெய், பாதியாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் சிறுதீயில் கிடந்தால் போதும், யார் செய்தாலும் வரும். பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன ஜூலியா சைல்ட் 1961இல் வெளியான தன் முதல் புத்தகத்துக்காகத் தோழிகளோடு சேர்ந்து ஏறக்குறைய பத்து வருடம் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்தவர். இன்னொரு பக்கம் உணவகத்திலிருந்து வந்த குறிப்புகள். அவை பொய் அல்ல, ஆனால் வேறு ஓர் உலகத்தின் உண்மை. அங்கே பர்னர் வீட்டு பர்னரைவிடப் பல மடங்கு சூடு தரும், ஓவனில் விசிறி புயல் மாதிரி சுற்றும், ஸ்டாக் (எலும்போ காய்களோ வேகவைத்து வடித்த சாறு) காலையிலேயே காய்ச்சித் தயாராக இருக்கும், கழுவுவதற்கு வேறு ஆள்.

ஒரு முறை ஒரு பெரிய செஃப், பெயர் வேண்டாம், நாற்பது பேருக்கான சூப்பைப் பத்தால் வகுத்து நான்கு பேருக்கு என்று எழுதி அனுப்பியிருந்தார். ‘ஒரு மணி நேரம் திறந்து வைத்துக் கொதிக்கவிடவும்.’ செய்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது சூப் அல்ல, ஜாம். உப்பு வேறு நாக்கைச் சுட்டது. பெரிய அண்டாவில் ஒரு மணி நேரத்தில் ஆவியாகிப் போவது மொத்தத்தில் சிறு பங்கு, வீட்டுச் சின்னப் பாத்திரத்தில் அதே ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். அளவை வகுக்கலாம், ஆவியை வகுக்க முடியாது. ஓவனில் நடப்பது இதற்கு நேர் எதிர். விசிறியின் வேகத்தில் அங்கே நீர் பறந்துவிடும், வீட்டு ஓவனில் தட்டு நிறைய காய்களை அடுக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அவை அவிந்துபோகும். ஆக ஒரே செஃப்பின் ஒரே புத்தகம் ஒரு பக்கத்தில் உங்கள் சமையலைக் கெட்டியாக்கும், அடுத்த பக்கத்தில் தண்ணியாக்கும். ‘எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் கூடுதல்’ என்ற பொது விதி வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் பூசணி சூப். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று யாராவது கிண்டல் செய்வதற்குள் சொல்லிவிடுகிறேன், இங்கே ஏட்டில் தப்பில்லை, காய்தான் வேறு. குறிப்பில் வெறும் ‘பூசணி’ என்று இருந்தால் முதலில் எந்த வகை என்று கேளுங்கள். முகம் செதுக்கி விளக்கு வைப்பதற்காக விற்கும் பெரிய ஆரஞ்சு பூசணி நீரும் நாருமாக இருக்கும், இனிப்பு குறைவு. சூப்புக்கு பட்டர்நட், கபோச்சா, ஹொக்கைடோ போன்ற அடர்த்தியான சதை உள்ளவைதான் சரி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இந்த வகைகள் பறித்த அன்றே சாப்பிட ஏற்றவை அல்ல. கபோச்சாவைப் பறித்ததும் வெட்டினால் மாவு மாதிரி இருக்கும், சில வாரம் காற்றோட்டமாக வைத்திருந்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். பட்டர்நட்டும் கொஞ்ச நாள் இருந்தால் ருசி ஏறும். அதனால் செப்டம்பர் தொடக்கத்தில் செய்த சூப்பும் நவம்பரில் செய்த சூப்பும், அதே குறிப்பு, அதே கை, ஆனால் இரண்டு ருசி. முதல் வாரத்திலேயே செய்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர், அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

செய்முறையில் நான் மாற்றுவது இதுதான். புத்தகம் பச்சைத் துண்டுகளை ஸ்டாக்கில் வேகவைக்கச் சொன்னாலும், நான் முதலில் ஓவனில் சுட்டுவிடுவேன். 210 டிகிரி, ஒரே அடுக்கு, துண்டுகளுக்கு நடுவே விரல் இடைவெளி, ஓரம் கருக்கத் தொடங்கும் வரை. என் தராசில் ஒரு கிலோ பட்டர்நட் சதை 650 கிராமை ஒட்டி இறங்கி வரும், போன 350 கிராமும் நீர்தான், அதுதான் உங்கள் சூப்பைத் தண்ணியாக்கியது. பிறகு ஸ்டாக்கை மொத்தமாக ஊற்றாதீர்கள். பாதியை ஊற்றி அரைத்துப் பார்த்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வரும் வரை மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கெட்டியைத் தளர்த்த ஒரு நொடி போதும், தண்ணியைக் கெட்டியாக்க அரை மணி நேரம் அடுப்பில் நிற்க வேண்டும். சப்பென்று இருந்ததற்கு வேறு இரண்டு காரணம். ஒன்று உப்பு: சூப்பின் மொத்த எடையில் 0.8 முதல் 1 சதவீதம் உப்பு, அதாவது ஒரு கிலோ சூப்புக்கு 8 முதல் 10 கிராம், பெரும்பாலான நாக்குக்குப் பொருந்தும். ஸ்டாக்கில் ஏற்கெனவே இருக்கும் உப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புளிப்பு: இறக்கும்போது அரை டீஸ்பூன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ. உணவகத்தில் இதை யாரும் குறிப்பில் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குக் கை தானாகச் செய்யும் காரியம்.

வெங்காய விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம், முழுக்க. பதினைந்து நிமிடத்தில் வெங்காயம் வதங்கும், கண்ணாடி மாதிரி ஆகும், பழுப்பாகி இனிக்காது. அகலமான வாணலி, ஒரு கிலோ வெங்காயம், மிதமான தீ என்றால் 45 நிமிடத்துக்குக் குறைந்து எனக்கு வந்ததே இல்லை, ஒரு மணி நேரமும் ஆகும். பல புத்தகங்களில் இந்த நேரம் தவறாகவே இருக்கிறது, திரும்பத் திரும்ப. ஏன் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். மொத்த நேரம் ஒரு மணிக்குள் இருந்தால் குறிப்பு விற்கும், அதனால் எங்காவது நேரத்தைக் கடித்துக்கொள்கிறார்கள், வெங்காயம் வாயில்லாத ஜீவன். செய்யும்போது முதல் பத்து நிமிடம் மூடி வைத்து நீரை விடச் செய்யுங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டுச் சுண்டவிடுங்கள். சத்தம் கேளுங்கள்: ஈரமான சலசலப்பு மறைந்து, சுர்ரென்ற மெல்லிய பொரியும் சத்தம் வந்தால்தான் பழுப்பு தொடங்குகிறது. அடியில் பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், அந்தப் பழுப்புதான் ருசி. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் பழுப்பாகும் என்பது உண்மை. ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை அடிக்கும். சூப்புக்கு பரவாயில்லை, டார்ட்டுக்கு வேண்டாம்.

காளானுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெருக்கிப் போட்டீர்கள், அவ்வளவுதான். காளான்களை நெருக்கிப் போடாதே என்பது ஜூலியா சைல்ட் காலத்திலிருந்து சொல்லி வரும் பாடம். அரை கிலோவை இரண்டு மூன்று முறையாகப் பிரித்து வதக்குங்கள், இல்லாவிட்டால் மொத்தத்தையும் போட்டுத் தைரியமாகக் காத்திருங்கள். நீர் விடும், அதிலேயே வேகும், பார்க்க அழுகை வரும், ஆனால் நீர் முழுக்க வற்றியபின் எண்ணெய் ஊற்றினால் அழகாகச் சிவக்கும். காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, சூட்டில் கரையாது, அதனால் கூடுதல் நேரம் வைத்தாலும் காய்கறி மாதிரிக் குழையாது. கழுவக் கூடாது என்பது மிகைப்படுத்தல், சட்டென்று அலசித் துடைத்தால் சில கிராம்தான் கூடுகிறது, எடை போட்டே பார்த்திருக்கிறேன். ஊறப்போடாமல் இருந்தால் சரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பிரபல செஃப் காட்டுக்குள் போய்க் கூடை நிறையக் காளான் பறிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்களும் கிளம்பாதீர்கள். டெத் கேப் என்னும் காளானின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, ருசியும் மோசமாக இருக்காது, அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகும், அதற்குள் கல்லீரல் சேதமாகத் தொடங்கியிருக்கும். அடையாளம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னால் ஒழிய, கடையில் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் டார்ட், முன்பே சொன்ன மாதிரி, என் எல்லைக்கு வெளியே பாதி. மாவைப் பற்றிப் பேசமாட்டேன், பழத்தைப் பற்றி மட்டும். பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘பிராம்லி’ என்ற ஆப்பிள் வகை இருந்து நீங்கள் கிரானி ஸ்மித் வகையைப் போட்டாலோ, அல்லது தலைகீழாக நடந்தாலோ, அது சின்ன மாற்றமல்ல. பிராம்லி வெந்ததும் பஞ்சாகக் கரையும் வகை, கிரானி ஸ்மித் வெட்டின வடிவிலேயே நிற்கும். மெக்கின்டாஷும் கரையும் பக்கம்தான். எந்தப் பழமானாலும், துண்டுகளில் சர்க்கரையைப் பிசிறி அரை மணி நேரம் வைத்தால் சாறு இறங்கும், அதை வடித்துத் தனியாகச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி மறுபடி சேர்த்தால் ருசி வீணாகாது, அடியும் நனையாது. டார்ட் தட்டைச் சூடான கனமான இரும்புத் தட்டின் மேல், ஓவனின் கீழ்த் தட்டில் வைத்தால் அடி முதலில் வேகும். மற்றது பேக்கரைக் கேளுங்கள்.

நான் ஏதோ பிரபலங்களைக் குறை சொல்வதாகத் தோன்றலாம். உண்மையில் அவர்களில் சிறந்தவர்கள் எல்லாரும் இந்த நீர் விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள், நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் பொருள் பட்டியலுக்கு ஓடுகிறோம். பிரெஞ்சு செஃப் ஜோயல் ரொபுஷோனின் உருளைக்கிழங்கு மசியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய் என்பதை எல்லாரும் வாயைப் பிளந்து சொல்வார்கள். கிழங்கைத் தோலோடு வேகவைப்பதையும், மசித்தபின் அடுப்பில் வைத்து சில நிமிடம் கிளறி ஈரத்தை விரட்டியபின்தான் வெண்ணெய் சேர்ப்பதையும் யாரும் சொல்வதில்லை. அந்த ஈரம் போனதால்தான் கிழங்கு அவ்வளவு வெண்ணெயைக் குடிக்கிறது. (மிக்ஸியில் அடிக்காதீர்கள், கோந்து மாதிரி ஆகிவிடும். கையால் சுற்றும் மசிப்பானோ சல்லடையோ போதும்.) அமெரிக்க செஃப் தாமஸ் கெல்லரின் சுட்ட கோழியில் கோழி, உப்பு, மிளகு தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை, உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்து உலர்த்துவதுதான் முழுப் பாடமும். ஆவி எழக் கூடாது என்று ஓவனில் இருக்கும்போது மேலே எதையும் ஊற்ற மாட்டார். அந்தக் குறிப்பில் கோழியைக் கழுவச் சொல்லும் வரியை மட்டும் விட்டுவிடுங்கள், தெறிக்கும் நீரில் கிருமி பரவும் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கின்றன. தொடையும் மார்பும் உள்ளே 74 டிகிரி தொட்டால் எடுங்கள். அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் சுட்ட உருளைக்கிழங்குக்கு இரண்டு லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு வேகவைக்கச் சொல்கிறார். மேற்பரப்பு கரைந்து சொரசொரப்பாகும், வடித்துக் குலுக்கி ஆவி அடங்கவிட்டுச் சுட்டால் மொறுமொறுப்பு காதுக்கே கேட்கும். வீட்டு ஓவனில் அப்படியே வருகிற அரிதான குறிப்புகளில் அது ஒன்று.

நாடு விட்டு நாடு வரும் குறிப்பில் அளவும் உதைக்கும். அமெரிக்க கப் 237 மில்லி, ஆஸ்திரேலிய கப் 250. மேசைக்கரண்டி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அமெரிக்க செஃப் ‘ஒரு டீஸ்பூன் கோஷர் உப்பு’ (பருவெட்டான உப்பு) என்றால், டயமண்ட் கிரிஸ்டல் நிறுவனத்தின் வகையாக இருந்தால் அது 3 கிராமை ஒட்டித்தான் இருக்கும், நம் தூள் உப்பு அதே கரண்டியில் 6 கிராம். சொன்ன அளவைப் போட்டுவிட்டு உப்புக் கரிக்கிறது என்று வருந்துபவர்கள் பாவம். ‘கிரீம்’ என்ற சொல்லிலும் பொடி வைத்திருக்கிறது. பிரிட்டனின் டபுள் கிரீமில் கொழுப்பு 48 சதவீதம், அமெரிக்க ஹெவி கிரீமில் 36, பிரிட்டனின் சிங்கிள் கிரீமில் 18. கடைசியில் சொன்னதைக் கொதிக்கும் சூப்பில் ஊற்றினால் திரிந்துவிடும். ஓவன் விஷயத்தில், குறிப்பு விசிறி இல்லாத ஓவனுக்கு எழுதியதாக இருந்து உங்களுடையது விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள். அப்புறம் ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் வாங்குங்கள், புத்தகத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும். நான் சோதித்த வீட்டு ஓவன்களில் முகப்பில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருந்தவை குறைவு, ‘பீப்’ அடித்தபின்னும் பதினைந்து நிமிடம் விட்டால்தான் சுவர் சூடேறுகிறது.

எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரிக்க வேண்டுமென்றால்: நீர், வெப்பம், எடை பற்றி மேலே சொன்னது எல்லாம் நிச்சயம், எந்த அடுப்பிலும் மாறாது. ‘நான்கு பேருக்கு’ என்பது சந்தேகம். ‘ஒரு நடுத்தர வெங்காயம்’ பெரிய சந்தேகம், கிராமில் எழுதாத புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவு. தயாரிப்பு நேரம் எல்லாவற்றையும்விடச் சந்தேகம், அது எப்போதும் பொருட்களைத் தோலுரித்து நறுக்கி வைத்தபின் தொடங்குகிற நேரம். இறைச்சியைச் சுட்டபின் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், காளானுக்கு உப்பு முன்பா பின்பா என்பதில் எல்லாம் நல்ல சமையல்காரர்களே ஒத்துப்போவதில்லை. நான் காளானுக்குப் பின்னால் போடுகிறேன், அது பழக்கமே தவிர அறிவியல் இல்லை. குறிப்பில் கேட்கும் அபூர்வப் பொருளுக்காக ஊரெல்லாம் அலைவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 1990களில் பிரிட்டனின் சமையல் கலைஞர் டெலியா ஸ்மித் தொலைக்காட்சியில் கிரான்பெரியைப் பயன்படுத்தியதும் பிரிட்டனில் அதன் விற்பனை எகிறியது, அவர் பெயரே 2001இல் காலின்ஸ் அகராதியில் ஏறியது. பிரபலம் கை வைத்த பொருள் கடையில் தீர்ந்துபோவது புதுசு இல்லை. அந்தப் பொருள் புளிப்புக்கா, இனிப்புக்கா, மொறுமொறுப்புக்கா என்று பார்த்து அதே வேலையைச் செய்யும் வேறொன்றைப் போடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. பூசணியோ சுரைக்காய் வகையோ கசந்தால் ஒரு வாய்கூட வேண்டாம், துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு அது, வேகவைத்தாலும் போகாது. இந்தப் பருவத்தில் அலங்காரத்துக்கு விற்கும் குட்டிக் குட்டிச் சுரைகளும் சட்டிக்கு உரியவை அல்ல. காய்ந்த சிவப்பு ராஜ்மா போட்டு ஸ்லோ குக்கரில் செய்யும் குழம்பு வகைகள் இப்போது எல்லாப் புத்தகத்திலும் வருகின்றன. ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள், குறிப்பில் அந்த வரி விடுபட்டிருந்தாலும். அந்தக் குறைந்த சூட்டில் ராஜ்மாவின் நஞ்சு அழியாது.

இந்த வார இறுதியில் புதுசாக எதையும் தொடங்க வேண்டாம். அந்த சூப்பையே திரும்பச் செய்யுங்கள், ஆனால் காயை எடை போட்டு, சுட்டு, மறுபடி எடை போட்டு, இரண்டு எண்ணையும் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பக்கத்து அடுப்பில் வெங்காயத்தைப் போட்டு அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். எந்த வகைப் பூசணி, எந்த ஆப்பிள், விசிறி ஓவனா இல்லையா என்று மூன்றையும் எழுதினால், டார்ட்டைத் தவிர மற்றவற்றுக்கு இன்னும் துல்லியமாகச் சொல்லப் பார்க்கிறேன்.